“எங்க ஆளு இல்லை” என்று கைவிரிக்க விடாதீர்கள்: பள்ளித் துப்புரவாளர், காவலர், ஆயா நியாயமான சம்பளம் கேட்கும் வழி

சம்பளம் ஏன் இவ்வளவு குறைவு என்று பள்ளியில் துப்புரவு வேலை பார்க்கும் ஒருவர் கேட்டால், “அதை எங்ககிட்ட கேக்காதீங்கம்மா” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். தலைமையாசிரியர் காண்ட்ராக்டரைக் கை காட்டுவார். காண்ட்ராக்டர் “மேலே இருந்து பில் பாஸாகலை” என்பார். ஊராட்சி அலுவலகத்துக்குப் போனால், பள்ளிக் கல்வித் துறையில் கேட்கச் சொல்வார்கள். இந்தச் சுற்றிலேயே ஆறு மாதம் ஓடிவிடும். எனவே தொகையைப் பற்றிப் பேச்செடுப்பதற்கு முன்னால், உங்கள் முதலாளி யார் என்பதை எழுத்தில் பிடியுங்கள். மற்ற எல்லாம் அதன் மேல்தான் நிற்கும்.

சம்பளம் எந்த வழியாக வருகிறது?

தமிழ்நாட்டில் ஒரே பள்ளி வளாகத்தில் ஐந்தாறு வகைப் பணியாளர்கள் இருப்பார்கள். காலமுறை ஊதியத்தில் இருக்கும் அலுவலக உதவியாளரும் காவலரும் அரசுப் பணி விதிகளுக்கு உட்பட்டவர்கள். அவர்கள் வழி வேறு. சத்துணவு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் ஆகியோர் சமூக நலத் துறையின் கீழ் வருகிறார்கள். காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழு வழியாக வந்தவர்கள். இந்தக் கட்டுரை மற்றவர்களுக்கானது: உள்ளாட்சி அல்லது பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தொகுப்பூதியம் வாங்குபவர்கள், அவுட்சோர்சிங் ஏஜென்சியின் ஆட்கள், தனியார் பள்ளியில் ஆயா, வாட்ச்மேன், வேன் டிரைவர், கிளீனர் வேலை பார்ப்பவர்கள்.

முதலாளியைக் கண்டுபிடிக்கப் பாஸ்புக்கிலிருந்து தொடங்குங்கள். சம்பளம் ஏறும் வரியில் யார் பெயர் இருக்கிறது? கையில் ரொக்கமாகக் கொடுத்தால் எந்த வவுச்சரில் கையெழுத்து வாங்குகிறார்கள், அதன் தலைப்பில் என்ன அச்சாகியிருக்கிறது? அடையாள அட்டையில் என்ன பெயர்? வருகைப் பதிவேடு யார் மேஜையில் இருக்கிறது, விடுப்பை யாரிடம் சொல்கிறீர்கள், “இன்னைக்கு இதைச் செய்” என்று யார் சொல்கிறார்? சம்பளம் தருவது ஒருவர், வேலை வாங்குவது இன்னொருவர் என்றால் இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் அந்தப் பொறுப்பு வேலை வாங்கும் நிறுவனத்தின் மேல் வரும் என்று மத்திய அரசின் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அதனால் மனுவில் எப்போதும் இருவரையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் விசாரணை நாளில் வந்தவர் வராதவர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

“மதிப்பூதியம்”, “பகுதி நேரம்”, “தற்காலிகம்” என்ற சொற்களுக்குப் பயந்துவிடாதீர்கள். வேலை என்ன, நேரம் என்ன என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. தாளில் பகுதி நேரம் என்று இருந்தாலும், காலை ஏழு மணிக்குக் கேட்டைத் திறந்து மாலை ஐந்தரைக்குப் பூட்டுபவர் முழு நாள் வேலைதான் செய்கிறார். ஆனால் அதை நிரூபிக்கக் கையில் ஒன்று வேண்டும்.

நாற்பது பக்க நோட்டு

அந்த ஒன்று, கடையில் கிடைக்கும் சாதாரண நோட்டு. வந்த நேரம், போன நேரம், கூடுதலாகச் செய்த வேலை, செய்யச் சொன்னவர். தினமும் நாலு வரி போதும். எழுதத் தெரியாதவருக்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதித் தரலாம். அன்றன்றைக்கே எழுத வேண்டும் என்பதுதான் முக்கியம். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிய நோட்டு பார்த்தாலே தெரிந்துவிடும்: எல்லா நாளும் ஒரே நேரம், ஒரே மை. நல்ல பதிவு இப்படி இருக்கும்:

“12-6-2025, வியாழன். காலை 6.50 கேட் திறந்தேன். மதியம் அரை மணி சாப்பாடு. 200 நாற்காலி இறக்கச் சொன்னார்கள், மூன்று பேர் இறக்கினோம். ஆறாம் வகுப்புப் பக்கம் கழிவறை அடைப்பு. கையுறை கேட்டேன், இல்லை என்றார்கள். மாலை 5.40 பூட்டினேன்.”

இதோடு செல்போனையும் காப்பாற்றுங்கள். “நாளைக்கு ஞாயிறு எல்லாரும் வரணும்” என்று சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் போட்ட செய்தி நல்ல சாட்சி. ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்துக்கொண்டு உரையாடலை அழித்துவிடாதீர்கள். வாய்ஸ் மெசேஜையும் அப்படியே வையுங்கள்.

சம்பளம் முழுதாகத் தரவில்லை என்று புகார் கொடுத்தால், கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான். இதுவும் ஊதியச் சட்டத் தொகுப்பிலேயே உள்ளது. அவர் தன் பதிவேட்டைக் கொண்டுவருவார். அதில் உங்கள் கையெழுத்து இருக்கும். அதனால்தான் வெற்று வவுச்சரிலோ, தொகை எழுதாத இடத்திலோ, தேதியில்லாத ராஜினாமாக் கடிதத்திலோ கையெழுத்துப் போடவே கூடாது. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், எந்த மாதம், யார் முன்னிலையில் என்று அதையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

இன்னொரு மோசடி உண்டு. வங்கியில் முழுச் சம்பளம் ஏறும். ஏடிஎம் கார்டு சூப்பர்வைசர் கையில் இருக்கும், அல்லது மறுநாளே மூவாயிரம் ரூபாயை எடுத்துத் திருப்பித் தரச் சொல்வார்கள். தாளில் எல்லாம் சரியாகவே தெரியும். கார்டைத் தொலைந்துவிட்டதாகச் சொல்லிப் புதிது வாங்கலாம். அதற்கு முன், குறைந்தது இரண்டு மாதமாவது பணம் எடுத்த தேதியையும் கொடுத்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. முன்பு, பட்டியலில் உள்ள வேலைகளுக்கு மட்டும்தான் குறைந்தபட்ச ஊதியம். இப்போது எல்லா வேலைக்கும் அந்த உரிமை உண்டு. தமிழ்நாட்டில் இது அடிப்படை ஊதியம், அகவிலைப்படி என்று இரண்டு பகுதியாக இருக்கும். அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும். உங்கள் வேலைக்கும் ஊருக்கும் உரிய இந்த ஆண்டுத் தொகையை மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அரசாணை எண்ணோடு எழுதி வாங்குங்கள். பழைய தொகையை மனுவில் எழுதினால், அதை மட்டும் கொடுத்துவிட்டு முடித்துவிடுவார்கள்.

குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே சொல்லிவிட்டது. “சம்மதிச்சுத்தானே வந்தீங்க” என்பவர்களுக்கு இதுவே பதில்.

பிடித்தத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய், இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய். கையில் வர வேண்டியது 10,470. முதலாளி தன் பங்காகத் தனியே பிஎஃப்புக்கு 1,440, இஎஸ்ஐக்கு 3.25 சதவீதமாக 390 ரூபாய் கட்ட வேண்டும். பல காண்ட்ராக்டர்கள் இந்த இரண்டு பங்கையும் தொழிலாளி தலையிலேயே கட்டுகிறார்கள். அப்போது கையில் வருவது 8,640. “பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் போக இதுதான்” என்று சொன்னால், எவ்வளவு போனது என்று கேளுங்கள். மாதம் 1,830 ரூபாய் வித்தியாசம். அது உங்கள் பணம்.

அடுத்து, பிடித்தது உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். பிஎஃப் கணக்கோடு இணைத்த போனிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகை மெசேஜில் வரும். முழு விவரம் இணையத்தில் மெம்பர் பாஸ்புக்கில் இருக்கிறது. மேலே சொன்ன 12,000 சம்பளத்துக்கு அதில் ஒவ்வொரு மாதமும் மூன்று எண்கள் தெரிய வேண்டும்: உங்கள் பங்கு 1,440, முதலாளி பங்கு 440, ஓய்வூதியத்துக்கு 1,000. உங்கள் பங்கு 720 என்று இருந்தால், சம்பளத்தை 6,000 என்று கணக்குக் காட்டியிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒன்பது மாதம்தான் ஏறியிருக்கிறது என்றால், விடுமுறை மாதங்களில் உங்களை வேலையில் இல்லாதவராகக் காட்டியிருக்கிறார்கள்.

காண்ட்ராக்டர் மாறும்போது பிஎஃப்புக்கான பழைய யுஏஎன் எண்ணையே கொடுங்கள். அந்தப் பன்னிரண்டு இலக்க எண் ஒருவருக்கு ஆயுசுக்கும் ஒன்றுதான். புது எண் போட்டால் சர்வீஸ் துண்டு துண்டாகிவிடும். பத்து ஆண்டு சேர்ந்தால்தான் மாத ஓய்வூதியம். “உங்க ஸ்கூல்ல ரெண்டு பேர்தானே, பிஎஃப் கிடையாது” என்பதையும் நம்ப வேண்டாம். ஒரு காண்ட்ராக்டர் நாற்பது பள்ளிகளுக்கு இரண்டிரண்டு பேரை அனுப்பினால் அவரிடம் எண்பது பேர். பிஎஃப்புக்கு இருபது பேர், இஎஸ்ஐக்குப் பத்துப் பேர் என்ற வரம்பு அந்த மொத்தத்துக்குத்தான்.

இஎஸ்ஐ சின்னப் பிடித்தம்தான், ஆனால் பலன் பெரியது. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்குக் குடும்பத்தோடு சிகிச்சை உண்டு. போதிய நாள் சந்தா இருந்தால், நோயில் படுத்த நாட்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும், பெண்களுக்கு 26 வார மகப்பேறுக் காலச் சம்பளமும் கிடைக்கும். மாடிப்படியில் வழுக்கி விழுந்து கால் உடைந்தால் அது வேலையிடத்து விபத்து. உடனே விபத்து அறிக்கை எழுதி வாங்காவிட்டால், பிறகு “வீட்டில் விழுந்தார்” என்று மாற்றிவிடுவார்கள்.

வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) மறக்க வேண்டாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் ஐந்து ஆண்டு முடித்தவருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம். எட்டு ஆண்டு வேலை, கடைசிச் சம்பளம் 12,000 என்றால்: 12,000 × 15 ÷ 26 × 8 = 55,385 ரூபாய். பதினோரு மாதம் வேலை, ஒரு மாதம் “பிரேக்” என்று நிர்வாகம் போடுவது பெரும்பாலும் இதைத் தடுக்கத்தான். ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அந்த ஆண்டு கணக்கில் சேரும். இடைவெளி நாட்களில் கேட் திறந்ததும் தண்ணீர்த் தொட்டி கழுவியதும் நோட்டில் இருக்கட்டும்.

ஒரே கூட்டும் வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்பது சட்டப்படி கூடாது. பள்ளிகளில் இது இன்றும் சகஜமாக நடக்கிறது. இரண்டு பேரின் சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்தாலே போதும்.

தனியாகக் கேட்காதீர்கள்

ஒருவர் மட்டும் போய்க் கேட்டால், மறுநாள் அவருக்குப் பதில் வேறு ஆள் நிற்பார். ஒரே காண்ட்ராக்டரின் கீழ் பக்கத்துப் பள்ளிகளில் இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இருபது பேர் சேர்ந்துவிட்டால் எல்லாரையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. முதல் கையெழுத்துப் போட்டவர் யார் என்று தேடுவார்கள். அதனால் மனுவின் கீழே வட்டமாகக் கையெழுத்திடுங்கள். வட்டத்துக்கு முதலும் இல்லை, கடைசியும் இல்லை.

ஏழு பேர் இருந்தால் தொழிற்சங்கம் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். ஆனால் மொத்தத் தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கினரோ நூறு பேரோ, எது குறைவோ அந்த அளவு உறுப்பினர்கள் வேண்டும். புதிதாகத் தொடங்குவதை விட, மாவட்டத்தில் ஏற்கெனவே இயங்கும் உள்ளாட்சி அல்லது துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தில் சேர்வது பெரும்பாலும் நல்லது. அங்கே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்வந்த பழக்கமுள்ளவர் ஒருவராவது இருப்பார்.

வேலையை நிறுத்தும் பேச்சு வந்தால் கவனம் தேவை. புதிய தொழில் உறவுகள் தொகுப்பின்படி 14 நாள் முன்னறிவிப்பு இல்லாத வேலைநிறுத்தம் சட்டவிரோதம். பாதிப் பேர் ஒரே நாளில் பேசி வைத்துத் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம்தான். இது தெரியாமல் “எல்லாரும் லீவு போடுவோம்” என்று போட்டுவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம்.

யாரிடம் எதைக் கேட்பது

தலைமையாசிரியரிடம் போய்ச் சம்பளத்தை உயர்த்தச் சொல்வது வீண். அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. வேலை நேரம், உடை மாற்ற அறை, துப்புரவுப் பொருள், கூடுதல் வேலை வாங்குவதை நிறுத்துவது ஆகியவை அவர் கையில் உள்ளவை. சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், பிஎஃப், இஎஸ்ஐ ஆகியவற்றை காண்ட்ராக்டரிடம் கேளுங்கள். ஆளுக்கு இவ்வளவு என்ற ரேட் ஒப்பந்தம் கொடுத்த அலுவலகத்தில் முடிவாகிறது. ரேட்டை உயர்த்தக் கேட்கும் நேரம் டெண்டர் அறிவிப்பு வருவதற்கு முன்னால்தான். வேலை உத்தரவு போன பிறகு கேட்டால், அடுத்த டெண்டர் வரை காத்திருக்கச் சொல்வார்கள்.

அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழுவின் துணை பெரிது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். முந்நூறு பிள்ளைகளின் கழிவறையை ஒரே ஆள், ஒரே துடைப்பத்தோடு கழுவினால் அது எப்படி இருக்கும் என்று அம்மாக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள்: எத்தனை ஆள் தேவை, எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை மாதச் சம்பளம் நிலுவை. அந்தத் தீர்மான நகலை மனுவோடு இணைத்தால் அலுவலகத்தில் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

மனுவில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பக்கம் போதும். வறுமையையும் கஷ்டத்தையும் விரிவாக எழுதத் தோன்றும், நியாயம்தான். ஆனால் அதிகாரி தேடுவது தேதியையும் தொகையையும்தான். இப்படி எழுதலாம்:

“நாங்கள் கீழே கையெழுத்திட்டுள்ள 14 பேரும் (பள்ளிகளின் பெயர்) துப்புரவுப் பணி செய்கிறோம். எங்களை நியமித்தவர் (பெயர்). வேலை நேரம் காலை 7 முதல் மாலை 5.30 வரை. மாதம் ரூ.8,640 தரப்படுகிறது. அரசாணை எண் … படி தர வேண்டியது ரூ.… . 2025 ஜூன் முதல் குறைவாகத் தரப்பட்ட தொகையின் ஆள்வாரிப் பட்டியல் இணைப்பு 1. பிஎஃப் பாஸ்புக் நகல் இணைப்பு 2. நிலுவையை வழங்கவும், மாதந்தோறும் 7ஆம் தேதிக்குள் சம்பளமும் சம்பளச் சீட்டும் தரவும், எழுத்தில் பதில் அளிக்கவும் கோருகிறோம்.”

மூன்று பிரதி எடுங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். தபால் பிரிவில் முத்திரை போட மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்பிவிடலாம். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்தில் கொடுப்பதும் உதவும். ஆனால் அங்கே கொடுக்கும் மனு “தக்க நடவடிக்கைக்காக” என்று சுற்றி, நீங்கள் யார் மேல் புகார் சொன்னீர்களோ அவர் மேஜைக்கே வந்து சேர்வது வழக்கம். ஆகவே அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. அதே வாரத்தில் தொழிலாளர் உதவி ஆணையரிடமும், பிடித்தம் கட்டாதது பற்றி மண்டல பிஎஃப் அலுவலகத்திலும் தனித்தனியாகக் கொடுத்துவிடுங்கள். சம்பளக் கோரிக்கைக்கு மூன்று ஆண்டு வரை காலம் உண்டு. குறைத்த தொகையோடு, அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது.

அரசுப் பள்ளி, உள்ளாட்சி என்றால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். “ஏன் சம்பளம் குறைவு?” என்று கேட்டால், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். நகல் கேளுங்கள்: ஒப்பந்தமும் வேலை உத்தரவும், ஆளுக்கு நிர்ணயித்த தொகை, மாதவாரியாக காண்ட்ராக்டருக்குக் கொடுத்த பில், அதோடு அவர் இணைத்த பிஎஃப், இஎஸ்ஐ செலான். அலுவலகம் எவ்வளவு கொடுத்தது, உங்களுக்கு எவ்வளவு வந்தது என்பது அந்த நான்கு தாளில் தெரிந்துவிடும். விண்ணப்பத்தைத் தொழிலாளி பெயரில் போட வேண்டாம். பெற்றோர் ஒருவரோ சங்கத்துக்காரரோ போடட்டும்.

வேலையிடத்தில் உயிர் காப்பது

பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும்; சன்னல் மூடிய கழிவறையில் அது நுரையீரலைப் பொசுக்கிவிடும். அடைப்பு போகவில்லை என்று ஒன்றின் மேல் ஒன்றை ஊற்றுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கையுறை, கம்பூட்ஸ், முகக்கவசம், நீளக் கைப்பிடி பிரஷ் ஆகியவற்றை எண்ணிக்கையோடு எழுதிக் கேளுங்கள். கிழிந்தால் மாற்றித் தரும் கால அளவையும் குறிப்பிடுங்கள். சொந்தக் காசில் பினாயில் வாங்கியிருந்தால் பில்லை வைத்திருங்கள்; அதையும் திருப்பிக் கேட்கலாம்.

செப்டிக் டேங்க்கில் இறங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. சொன்னவர் பெயரையும் நேரத்தையும் அன்றே எழுதி வையுங்கள்.

வேலையை விட்டு நிறுத்தினால்

“நாளையிலிருந்து வர வேண்டாம்” என்பதை வாயால்தான் சொல்வார்கள், பிறகு “அவராகவே நின்றுவிட்டார்” என்பார்கள். அதனால் மறுநாளும் சரியான நேரத்துக்குப் பள்ளி வாசலுக்குப் போங்கள், இரண்டு பேர் சாட்சியோடு. உள்ளே விடாவிட்டால் அன்றைக்கே, “இன்று காலை வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்” என்று தலைமையாசிரியருக்கும் காண்ட்ராக்டருக்கும் ஸ்பீடு போஸ்ட் அனுப்புங்கள். நிறுத்தியவர் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். கணக்கு முடிந்தது என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டால், “தொகையை ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்” என்று உங்கள் கையால் எழுதிய பிறகே போடுங்கள்.

பிறகு தாமதிக்காமல் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். ஆசிரியர்கள் தொழில் தகராறுச் சட்டப்படி “தொழிலாளர்” ஆகமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1988இல் சொன்னதைக் காட்டி, பள்ளி ஊழியர் யாருமே அதில் வரமாட்டார்கள் என்று சில நிர்வாகங்கள் வாதாடும். அந்தத் தீர்ப்பு ஆசிரியர்களுக்கானது. ஆயாவுக்கும் காவலருக்கும் டிரைவருக்கும் அதை நீட்ட முடியாது. அரசு அலுவலகங்களில் பத்து, இருபது ஆண்டு “தற்காலிக”மாக வேலை பார்த்தவர்கள், மத்திய நீர் ஆணையத்தின் துப்புரவுப் பணியாளர்கள் வழக்கில் 2024 டிசம்பர் 20இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அந்தத் துப்புரவுப் பணியாளர்களைப் பணிவரன்முறை செய்ய, அதாவது நிரந்தரமாக்க, நீதிமன்றம் உத்தரவிட்டது. விதிமுறைப்படி நியமிக்கப்படாத தற்காலிகப் பணியாளர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்ற 2006ஆம் ஆண்டு உமாதேவி தீர்ப்பை நிர்வாகம் பதிலுக்கு எடுத்துக்காட்டும்; அந்தத் தீர்ப்பை இப்படிப்பட்டவர்களுக்கு எதிரான ஆயுதமாக்கக் கூடாது என்பதையும் 2024 தீர்ப்பு பேசுகிறது.

வக்கீல் ஃபீஸுக்குப் பணமில்லை என்று பின்வாங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். போகும்போது நோட்டு, பாஸ்புக், முத்திரை போட்ட மனு நகல், ஸ்பீடு போஸ்ட் ரசீது ஆகியவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள். அசலைக் கொடுத்துவிடாதீர்கள், ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.